ஸ்பேர்

1

இந்தக் கதை ஒரு டயரிலிருந்து கிடைத்தது.

மலாக்காவில், காஜா பெராங் சாலையில், என் காரின் முன் டயரில் ஆணி ஏறிவிட்டது. பின்பக்கத்தைத் திறந்து ஸ்பேரை எடுத்தேன். அதிலும் காற்றில்லை. கார் வாங்கியதிலிருந்து அதை நான் தொட்டதில்லை. எதிரே டயர் கடை. கடைக்காரர் சீனர். ஸ்பேரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஓடுகிற டயரைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்," என்றார் மலாயில். "இது சும்மா படுத்திருந்தே செத்துப்போகும்."

கடையில் இன்னொருவரும் காத்திருந்தார். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட வந்த வயதான பெண்மணி. கம்போங் செட்டியில் வீடு. பெயர் கோகிலா. ஸ்பேர் என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்தார்.

"என் அக்காவைப் பெண் கேட்டு ஒரு ஸ்பேர் வந்தான்," என்றார்.

அதைச் சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை. நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். இரண்டு டயரும் தயாராவதற்குள் அவர் சொன்னதுதான் இது.

அவர் சொன்னது மலாயில். மலாக்காச் செட்டிகள், பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து இங்கேயே மணமுடித்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்; அவர்கள் வீட்டில் தமிழ் இல்லை. சாமிகளின் பெயர்கள் இருக்கின்றன, சில உறவுப் பெயர்கள் இருக்கின்றன, மற்றதெல்லாம் அவர்களுடைய மலாய். ஆகவே இந்தக் கதையில் செட்டி மனிதர்கள் பேசும் தமிழ் என்னுடையது. அதில் அவர்களுடைய குரல் இல்லை. குரலைப் பற்றிய கதை என்பதால் இந்தக் குறை எனக்கு உறுத்துகிறது.

ஒரு சொல்லை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அது அவர்களுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை.

2

அகராதியில் அந்தச் சொல்லுக்கு நிறைய இடம் தந்திருக்கிறார்கள். தேவைப்படலாம் என்று கூடுதலாக வைத்திருப்பது. தன்னிடம் இருப்பதிலிருந்து பிறருக்கு எடுத்துத் தருவது. ஒல்லியானது. எளிமையானது. தண்டிக்காமல் விடுவது. கொல்லாமல் விடுவது.

கடைசிப் பொருளைப் பிறகு பார்க்கலாம்.

தமிழில் உதிரி என்கிறோம். உதிரிப் பூ, சரத்தில் கோக்காத பூ. உதிரி என்றதும் எங்கிருந்தோ கழன்று விழுந்தது போல ஒரு தொனி வந்துவிடுகிறது. ஸ்பேருக்கு அந்தத் தொனி கிடையாது. அதை ஒருவர் யோசித்து எடுத்து வைத்திருக்கிறார்.

மலாக்காவில் யாரும் அகராதி பார்த்துப் பேசுவதில்லை. ஸ்பேர் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். ஸ்பேர் ரூம் இருந்தால் வாடகைக்குப் போகும். இன்சூரன்ஸ் ஏஜண்டு வாசலில் நின்று "ஒரு நிமிஷம் ஸ்பேர் பண்ணுங்க சார்" என்பார். ஐம்பதுகளில், இந்தக் கதையில் வரும் பஸ் கம்பெனியில், அது ஒரு வேலையின் பெயர்.

(இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார் வரைவைப் படித்த நண்பர். கதைக்கு முன் அகராதி எதற்கு என்றார். எடுத்துப் பார்த்தேன். கதை அதிகமாகப் பேசியது. திருப்பி வைத்துவிட்டேன்.)

3

முதல் தொடக்கம்:

விடிவதற்கு முன்பே தியாகு டெப்போ பெஞ்சில்

வேண்டாம். விடியலில் தொடங்கும் கதைகள் நானே நிறைய எழுதிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

சுதந்திரத்துக்காகக் காத்திருந்த அந்த நாட்களில் மலாக்கா நகரம்

நகரம் ஒன்றும் செய்யவில்லை. மனிதர்கள்தான் காத்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கு அது சம்பள வேலை.

மூன்றாவது:

டெப்போவில் டைம் கீப்பருடைய ஜன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் ஸ்பேர் கண்டக்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்கு வராத கண்டக்டருடைய பஸ்ஸுக்கு அவர்களில் ஒருவன் போவான். ஜன்னல் திறக்கும். ஒரு பெயர் கேட்கும். ஒருவன் எழுவான். மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள்.

இது பரவாயில்லை. இதிலிருந்து போகிறேன்.

தியாகு அந்தப் பெஞ்சில் இருந்தான். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பெற்றோர் அங்கே பால் வெட்டினார்கள். அவன் டவுனுக்கு வந்து காஜா பெராங்கில் ஓர் அறையில் இருந்தான். அவனுக்கு வேண்டியது நிரந்தரக் கண்டக்டர் வேலை. அது யாராவது விலகினால்தான் வரும்.

சுப்பையன் நிரந்தரம். காஜா பெராங் பஸ் அவருடையது. பெஞ்சைக் கடந்து போகும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் போகமாட்டார்.

"என்னடா ஸ்பேர், பசியாறிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. ரொட்டி வாங்கப் போன நேரத்துல கூப்பிட்டுட்டா?"

"இன்னைக்கு எல்லாப் பயலும் நல்லாத்தான் இருக்கானுங்க. போய்ச் சாப்பிடு."

"கரீம் இருமிக்கிட்டே வந்தாரு."

"அது பீடி இருமல்டா. உனக்கு உதவாது."

தியாகு சிரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

இந்த ஆளை எனக்கு நம்ப முடியவில்லை. பொறுமை கொஞ்சம் அதிகம். ஒரு வரைவில் அவனைக் கோபக்காரனாக்கினேன். இரண்டே பக்கத்தில் டைம் கீப்பரிடம் சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டான். பெஞ்சில் கோபக்காரன் நிலைக்கமாட்டான் என்று புரிந்தது. முன்கூட்டியே வந்து உட்கார வேண்டும், கூப்பிட்டதும் எழுந்து போக வேண்டும், யாருடைய இடம் என்று கேட்கக் கூடாது. அவனுடைய தொழில் அவ்வளவுதான்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தவறு இதிலிருந்துதான் வரப்போகிறது.

4

ஒரு நாள் பெஞ்சு முழுதும் காலியாகிவிட்டது. பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா தேதியை, சுதந்திரம் எந்த நாள் என்பதை, அறிவித்த நாள். ஊரே அங்கே போனது. கம்பெனி, ஓடக்கூடிய எல்லா பஸ்ஸையும் எடுத்தது. சுப்பையன் லீவு போட்டுத் திடலுக்குப் போய்விட்டார். தியாகுவுக்குக் காஜா பெராங் பஸ் கிடைத்தது.

கம்போங் செட்டி நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினாள். சாரோங், கெபாயா, நெற்றியில் திருநீறு.

"எங்க போகணும்?" என்றான் தியாகு.

"பெண்டஹாரா."

"கூட்டத்துல அங்க நிக்காதுங்க. முன்னாடியே இறங்கிக்கிறீங்களா?"

அவள் காசை நீட்டினாள். புரியவில்லை என்று அவனுக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. தனக்குத் தெரிந்த மலாய்க்கு மாறினான்.

"திருநீறு பூசியிருக்கிறீர்கள். தமிழ் தெரியாதா?"

"சாமிக்கு எங்கள் மலாய் புரிகிறது," என்றாள் அவள். "உங்களுக்கு என்ன கஷ்டம்?"

பஸ்ஸில் சிரித்தார்கள். அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். பெண்டஹாராவில் நிற்காது என்று அவன் சொன்ன பஸ் அன்று பெண்டஹாராவில் நின்றது.

* இந்தப் பதிலை நான் எழுதியதாக நினைப்பீர்கள். நானும் கோகிலாவிடம் சந்தேகப்பட்டேன். "அக்கா அப்படித்தான் பேசுவாள்," என்றார். "அப்பாவிடம் மட்டும் அப்படிப் பேசமாட்டாள்."

அக்காவின் பெயர் சந்திரமதி. ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடைக்குத் தைத்துக் கொடுத்தாள்.

5

பிறகு அவன் அந்த பஸ்ஸில் வரவில்லை. ஸ்பேர்தானே. ஒரு நாள் தெங்கேரா பஸ், ஒரு நாள் பெஞ்சு. சந்திரமதி சுப்பையனிடம் கேட்டாள்.

"அந்த இன்னொரு ஆள் எங்கே?"

"அவனா? அவன் ஸ்பேர். எனக்குக் காய்ச்சல் வந்தால் வருவான்."

"உங்களுக்கு எப்போது காய்ச்சல் வரும்?"

சுப்பையன் அன்று முழுவதும் இதை டெப்போவில் எல்லாரிடமும் சொன்னார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல்.

தியாகு டிக்கெட் கொடுக்க வந்தபோது அவள் கேட்டாள், "நீங்கள் ஸ்பேராமே?"

"ஆமாம்." அவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஆண்கள் சட்டை தைக்கும்போது உள்மடிப்பில் ஒரு பொத்தான் தைத்து வைப்பேன். கடைக்காரர் அதை ஸ்பேர் என்பார். யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள்."

"அதுதான் நான்."

"அதை நான் முதலில் தைத்துவிடுவேன். மற்றது எல்லாம் பிறகுதான்."

இதற்குப் பின் அவன் என்ன சொன்னான் என்று எழுதத் தெரியவில்லை. நான்கு பதில்கள் எழுதினேன். எல்லாம் சினிமாவில் வருவது போல இருந்தன. பஸ்ஸில் கூட்டம் இருந்திருக்கும். அவன் அடுத்த ஆளுக்கு டிக்கெட் கொடுக்கப் போயிருப்பான்.

பிறகு சுப்பையனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. தியாகுவின் காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான் விழுந்தது. அவள் தைத்துக் கொடுத்தாள். காக்கி நிறத்தில் அவளிடம் இல்லை, வெள்ளைப் பொத்தான். சட்டையை வாங்கிக்கொள்ள அவன் கம்போங் செட்டிக்குப் பின்பக்கப் பாதையில் வந்து, அவள் வீட்டுச் சமையலறைக் கதவில் நின்றான். அந்த வீட்டுக்கு அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவளுடைய அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது.

6

அப்பா பெயர் ராஜரத்தினம். முனிசிபாலிட்டியில் கிராணி, எழுத்தர் வேலை. சுப்பையன் தியாகுவுக்காக முறையாகப் போய்ப் பெண் கேட்டார். தோட்டத்துப் பையன், தமிழ் பேசுகிறவன், பஸ் வேலை. மூன்றுமே செட்டி வீட்டுக்கு வழக்கமில்லை. ராஜரத்தினம் மறுக்கவில்லை.

"நிரந்தரம் ஆகட்டும்," என்றார். "அதற்கு முன் போகிக்கு அழைத்து வாருங்கள். எங்கள் வீட்டில் சாப்பிடட்டும். நான் பார்க்கிறேன்."

பையனும் பெண்ணும் பேசிக்கொண்டதுண்டா என்றும் கேட்டார்.

"சேச்சே," என்றார் சுப்பையன்.

பொங்கலுக்கு முந்தின நாள், போகியன்று, செட்டி வீடுகளில் முன்னோருக்குப் படைப்பார்கள். இந்த வீட்டு வழக்கம் இது: கூடத்தில் வரிசையாக இலை. ஓர் இலை தாத்தாவுக்கு, ஓர் இலை பாட்டிக்கு, அவர்களுக்கு முன் இருந்தவர்களுக்கு. சோறு, மீன், இறால் குழம்பு, சம்பல், பலகாரம். சாம்பிராணி போட்டதும் உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் வாசலுக்குப் போய்விட வேண்டும். முன்கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று, வீட்டுத் தலைவர் கூப்பிடுவார்: "மாரி, சிலா மாக்கான்." வாருங்கள், சாப்பிடுங்கள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. சமையலறைக் கதவு மட்டும் திறந்திருக்கும். வருகிறவர்கள் எந்த வழியாக வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்.

அந்த வீட்டில் இன்னும் ஓர் இலை இருந்தது. வரிசையில் சேராமல், தனியாக, சமையலறைக் கதவோரம்.

அகராதியின் கடைசிப் பொருளுக்கு வந்துவிட்டேன்.

யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டார்களாம். ராஜரத்தினத்துக்கு மனைவி கண்ணம்மா, இரண்டு பெண் குழந்தைகள். தம்பி சேதுபதிக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி போனான். சமையலறைக் கதவு வழியாக இறங்கி, பின்பக்கப் பாதையில் லாரிக்கு நடந்தான். அண்ணன் தப்பித்தார். தம்பி திரும்பவில்லை. அவன் இறந்தான் என்றும் யாரும் வந்து சொல்லவில்லை.

தேதி தெரியாத சாவை ராஜரத்தினம் சாவாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு வரிசையில் இலை போட விடமாட்டார். கதவோரம் போடச் சொல்வார். "லேட்டாக வந்தால் சாப்பிடட்டும்," என்பார்.

7

1957, போகி.

சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார்கள். படையல் முடிந்த பிறகு, சுப்பையனோடு சேர்ந்து, முன்வாசல் வழியாக. தியாகு காலை ஷிப்டை முடித்தான். பசியாறவில்லை. அறைக்குப் போய்க் குளித்து, வெள்ளைப் பொத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். சாயங்காலத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. ஸ்பேர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சுப்பையனுக்காக அவன் காத்திருக்கவில்லை. தெரிந்த பாதையில் வந்தான்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. யாரும் இல்லை. கதவோரம் ஓர் இலை. சோறும் மீனும் பரிமாறியிருந்தது. உள்ளே கூடத்தில் இன்னும் இலைகள்.

தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், விருந்து என்றால், நேரம் கழித்து வருபவனுக்குக் கதவோரம் இலை போட்டு வைப்பார்கள். அவன் அறிந்த வழக்கம் அது.

இந்த இடத்தில் நான் பல நாட்கள் நின்றுவிட்டேன். யாருமில்லாத வீட்டில் ஒருவன் தானாக உட்கார்ந்து சாப்பிடுவானா? பசி என்று எழுதினேன். போதவில்லை. பசித்தவன் நிற்பான். அவன் பொறுமைசாலி. கோகிலாவிடமே கேட்டேன்.

"அப்பா கூப்பிட்டாரே," என்றார்.

அவ்வளவுதான். சாத்திய முன்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ராஜரத்தினம் கூப்பிட்டார்: "மாரி, சிலா மாக்கான்." மரச்சுவர் வழியாக அது தெளிவாகக் கேட்டது. வாருங்கள், சாப்பிடுங்கள். காலி இடம் இருந்தது; பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். தியாகு உட்கார்ந்தான். ஒரு வாய் அள்ளினான். கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியிருக்கும். உரக்கச் சொன்னான்.

"சூடா டூடோக்." உட்கார்ந்தாச்சு.

வாசலில் நின்றவர்களுக்கு அது கேட்டது.

எத்தனையோ தலைமுறையாக அந்த வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். யாரும் ஒரு முறையும் பதில் சொன்னதில்லை.

கண்ணம்மா கோகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ராஜரத்தினம் கதவில் நெற்றியை வைத்தார்.

"சேதுபதி?" என்றார். "நீயா?"

சந்திரமதிக்கு அந்தக் குரல் தெரியும். பஸ்ஸில் அடிக்கடி கேட்ட குரல். அது தியாகு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்தக் குரல் தெரிந்திருக்கக் கூடாது. அவர்கள் பேசிக்கொண்டதில்லை என்பது ஏற்பாடு. அவள் தங்கையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சேதுபதி, சாப்பிட்டாயா? பதில் சொல்லுடா."

உள்ளே தியாகுவின் வாயில் சோறு இருந்தது.

(இங்கே ஒரு வரைவில் அவன் "இல்லை, நான் ஸ்பேர்" என்று உள்ளிருந்து சொல்கிறான். அழகான வரி. அதை எழுதிய அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மறுநாள் அடித்துவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.)

ராஜரத்தினம் நேரம் ஆகும் முன்பே கதவைத் திறந்தார். அந்த வீட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

8

தம்பியின் இலையில் ஒரு தெரியாத பையன் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை, வெள்ளைப் பொத்தான்.

தியாகு எழப்போனான்.

"எழுந்திருக்காதே," என்றார் ராஜரத்தினம். "அந்த இலையைப் பாதியில் விடக் கூடாது. முடி."

அவன் முடித்தான். எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜரத்தினத்தின் முகம் நனைந்திருந்தது; அவர் துடைத்துக்கொள்ளவில்லை. மீன் முள்ளை என்ன செய்வது என்று தியாகுவுக்குத் தெரியவில்லை. இலையோரம் வைத்தான். பிறகு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

சுப்பையன் சாயங்காலம் முன்வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடா, நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பொங்கல். அதற்கு மறுநாள் ராஜரத்தினம் டெப்போவுக்கே வந்து சுப்பையனைத் தனியாக அழைத்தார். சுப்பையன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"உன் மேல குத்தம் இல்லையாம்டா."

"அப்புறம் என்னண்ணே?"

"குரல்தானாம். ஒரு நிமிஷம் தம்பி வந்துட்டான்னு நெனச்சிட்டாரு. அந்த நிமிஷம் இனி அவருக்குப் போகாதாம். தெனமும் அந்தக் குரல வீட்டுல வச்சிக்க முடியாதுன்னுட்டாரு."

"நான் பேசாம இருந்துக்கிறேன்."

சுப்பையன் பீடியைத் தேடினார்.

* கோகிலாவிடம் கேட்டேன்: செத்தவர்களின் இலையில் உட்கார்ந்தான் என்பதற்காகவா? "இல்லை," என்றார். "அது செத்தவர் இலை இல்லையே. லேட்டாக வருகிறவனுக்குப் போட்ட இலை. அவன் சரியாகத்தான் உட்கார்ந்தான்." பிறகு, "அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை," என்றார்.

9

அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடு சுதந்திரம் பெற்றது. சுப்பையன் அதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டார். இங்கே பிரஜையாவதா ஊருக்குப் போவதா என்று பல மாதம் எல்லாரிடமும் கேட்டுவிட்டு, கடைசியில் யாரிடமும் சொல்லாமல் டிக்கெட் எடுத்தார். அவருடைய இடம் தியாகுவுக்கு வந்தது. காஜா பெராங் பஸ். நிரந்தரம்.

கேட்ட இரண்டில் ஒன்று கிடைத்தது, மற்றது போன பிறகு.

இங்கே முடிக்கலாம். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. மெர்டேக்கா நாளில் ராஜரத்தினம் மனம் மாறுகிறார். கொடிகள், வாத்தியம், சமாதானம். கிழித்துவிட்டேன். நாட்டுக்கு நடந்தது வீட்டுக்கும் நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆ. சந்திரமதி ஒரு நாள் பஸ்ஸில் ஏறுகிறாள். இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய்

இதை முடிக்கவில்லை. அவள் தினமும் ஏறினாள். தினமும் பெண்டஹாராவில் இறங்கினாள். அவன் டிக்கெட் கொடுத்தான். பேச்சு இல்லை. ஒருவர் பேசினால் மற்றவருக்குக் கேட்டுவிடும் என்று இருவருக்கும் பயம்.

இ. அடுத்த போகி வந்தது. இது நான் எழுதியது இல்லை. நடந்தது.

1958, போகிக்கு முந்தின நாள். சந்திரமதி டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்காராமல் நின்றாள்.

"அப்பா சித்தப்பாவை வரிசைக்கு மாற்றிவிட்டார்," என்றாள்.

தியாகுவுக்கு முதலில் புரியவில்லை.

"இந்த ஆண்டு சித்தப்பாவுக்கு வரிசையில் இலை. தாத்தாவுக்குப் பக்கத்தில். அப்பாவே சொன்னார். இனி வரமாட்டான் என்றார்."

"கதவோரம்?"

"நான் ஓர் இலை போடப்போகிறேன் என்றேன். யாருக்கு என்று அப்பா கேட்கவில்லை." அவள் டிக்கெட்டை மடித்தாள். "சமையலறைக் கதவைத் தாழிட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்."

பஸ் பெண்டஹாராவில் நின்றது.

"அப்பா கூப்பிடும்போது நீங்கள் உள்ளே இருக்க வேண்டும்," என்றாள். "போன முறை சொன்னதையே சொல்லுங்கள். இந்த முறை யார் என்று நான் சொல்லிவிடுகிறேன்."

இறங்கிப்போனாள்.

10

முடிவைக் கோகிலா எனக்குச் சொன்னார். ஒரே வாக்கியம். டயர்கள் தயாராகிவிட்டன, அவருடைய டியூபும் தயார். எழுந்துகொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்து அதை எழுதத் தொடங்கினேன்.

அந்தப் போகியன்று மத்தியானம் பெஞ்சில் ஒருவர்கூட

நிறுத்திவிட்டேன். மிச்சத்தை எழுதவில்லை. எழுதமாட்டேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் தமிழ்க் கண்டக்டர்கள் லீவு போடுவார்கள். தியாகுவுக்கு விஷயம் தெரிந்ததே அதற்கு முந்தின நாள்தான்; லீவு எல்லாம் அதற்குள் மற்றவர்களுக்குப் போய்விட்டது. ஸ்பேர்கள் எல்லாரும் பஸ் ஏறிவிடுவார்கள். நிரந்தரக் கண்டக்டர் தன் தோல் பையை இன்னொருவர் கையில் கொடுக்காமல் பஸ்ஸை விட்டு இறங்க முடியாது. இறங்கினால் வேலை போகும். வேலை இல்லாதவனுக்கு ராஜரத்தினம் பெண் கொடுக்கமாட்டார். வேலையில் இருப்பவன் அந்த நேரத்துக்கு அந்த இலையில் உட்கார முடியாது. பெஞ்சில் ஓர் ஆள் இருந்தால் போதும். பஸ் போகும் வழி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கூப்பிட்டதும் எழுந்து வந்தால் போதும்.

இறந்தவரை என்னால் எழுப்ப முடியாது. ராஜரத்தினத்தின் மலாயைத் தமிழில் கேட்க வைக்கவும் முடியவில்லை. ஆனால் ஒரு காலிப் பெஞ்சில் ஓர் ஆளை உட்கார வைக்க எனக்கு அனுமதி உண்டு என்று நினைக்கிறேன்.

நீங்கள் இந்தக் கதைக்கு முன்கூட்டியே வந்துவிட்டீர்கள். யாருடைய இடம் என்று கேட்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பஸ் டெப்போவுக்குள் வந்து நிற்கிறது. தியாகு இறங்கி வருகிறான். கழுத்தில் தோல் பை. சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வெள்ளை. பெஞ்சைப் பார்க்கிறான், ஆள் இருப்பதை அவன் எதிர்பார்க்கவில்லை.

"புதுசா வந்திருக்கீங்களா?" என்கிறான். "பசியாறியாச்சா?"

நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள்.

"ஒரே ஒரு நடைங்க. காஜா பெராங் போய்த் திரும்பணும். எனக்குப் பதிலா ஏறுறீங்களா?"

பையைக் கழற்றி நீட்டுகிறான். அங்கே முன்கதவைச் சாத்திவிட்டார்கள். ராஜரத்தினம் இன்னும் கூப்பிடவில்லை. மகளைப் பார்க்கிறார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறார்.

டைம் கீப்பர் ஜன்னலைத் திறக்கிறார். அவர் கூப்பிட வேண்டிய பெயர் எனக்குத் தெரியாது.